சதயத்தில் அடைத்த அறை

நவம்பர் 8, சனிக்கிழமை. காலை 11.25.

"அண்ணன் எங்க அண்ணி?"

கிள்ளானில் அந்த மூலை வீட்டின் வாசலில் லோரியை அணைக்காமலேயே விட்டுவிட்டு ஓடி வந்த கொழுந்தன் யுகேந்திரன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பின்னறைய கூட்டிக்கிட்டு இருக்காரு. இருங்க, கூப்பிடறேன்," என்று புனிதா நடையைக் கடந்து போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

அவள் கணவர் கமலநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் விளக்குமாறு. தரையில் பாதி தூரம்வரை பெருக்கிய தடம், அதற்கப்பால் ஆறு மாதத் தூசி. கண்கள் பாதி மூடியிருந்தன. கன்னங்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. பதினெட்டு வருட வாழ்க்கையில் அவர் முகத்தில் அப்படியொரு களையை அவள் பார்த்ததே இல்லை.

"என்னங்க?"

அவள் உள்ளே கால் வைப்பதற்குள் ஒரு கை அவள் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தது. நடையில் மல்லாந்து விழுந்தாள்.

"உள்ள போகாதீங்க அண்ணி! யாரும் போகாதீங்க!" என்று கத்திய யுகேந்திரன், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினான். சிறிது நேரத்தில் அறையின் பின்கதவு திறந்தது. மழைக்காற்று அறையைத் துளைத்துக்கொண்டு நடைவரை வந்தது. அதற்குப் பிறகுதான் அவனும் பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே போய்க் கமலநாதனைத் தூக்கினார்கள். உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

கூடத்தில் நின்ற கமலநாதனின் அத்தை இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணன் வந்து மகனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. சொன்னேனே, யாரு கேட்டா? இன்னும் பன்னெண்டு நாளு இருந்துச்சே!"

அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கமலநாதனின் அப்பாவும் இராஜம்மாவின் அண்ணனுமான நாகையா மே 20ஆம் தேதி அந்தப் பின்னறையில்தான் இறந்தார். அன்று சதய நட்சத்திரம். சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால், அந்த அறையைக் குறிப்பிட்ட காலம் அடைத்து வைப்பது வழக்கம். அதற்கு அடைப்பு என்று பெயர். மீறித் திறந்தால் இறந்தவர் துணைக்கு இன்னொருவரை அழைத்துப் போவார் என்பது நம்பிக்கை. சதயத்துக்கு ஆறு மாதம். நவம்பர் 20 வரை அந்த அறை திறந்திருக்கக் கூடாது.

பிற்பகல் 12.40.

இன்ஸ்பெக்டர் மாதவி செந்தூல் இரயில் பட்டறைக்குப் பக்கத்தில் பிறந்தவள். எந்தப் பொருளைக் கண்டாலும் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காமல் அவளுக்கு நிம்மதி வராது. அறை வாசலில் நின்று கண்ணால் ஒரு சுற்று வந்தாள். பத்தடிக்கு எட்டடி. தகரக் கூரை. ஒரே ஒரு சன்னல். அதன் கண்ணாடிப் பலகைகளின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து நான்கு பக்கமும் வெள்ளி நிற நாடா ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் இரும்பு அடுப்பு. எதிர்ச் சுவரை ஒட்டி, கூரைவரை அடுக்கிய எதையோ நீலப் படுதா மூடியிருந்தது.

"என்ன அது?" என்றாள்.

சார்ஜன் தாவூத் படுதாவின் ஓரத்தைத் தூக்கினார். "அடுப்புக்குப் போடற பெல்லட் மேடம். மூட்டை மூட்டையா. அந்தம்மா முருங்கை இலை காயவச்சு பொடி பண்ணி பிரிக்ஃபீல்ட்ஸ் கடைங்களுக்குக் கொடுக்கறாங்க. அதுக்குத்தான் அடுப்பு."

நடைச் சுவரில் நாகையாவின் படம். படத்து ஆணியிலிருந்து ஒரு சாவி தொங்கியது. மஞ்சள் நூலால் கட்டி, சந்தனம் இட்டு, ஒரு பூவும் செருகியிருந்தார்கள். பூ காய்ந்து சருகாகிச் சாவியோடு ஒட்டியிருந்தது.

"எந்தக் கதவுச் சாவி?"

"பின்கதவுப் பூட்டு," என்றார் இராஜம்மா. "அடைப்பு அன்னைக்கு நாந்தான் மாட்டுனேன். கெழக்கால இருக்கற இந்தக் கதவத்தான் மொதல்ல தொறக்கணும்மா. பின்கதவு கடைசி. மூத்த மகன் தனியா போயி, கதவச் சாத்திக்கிட்டு, கூட்டி மொழுகித்தான் வெளக்கு ஏத்தணும். அந்தத் தூசி வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"எத்தனை மணிக்கு உள்ளே போனார்?"

"ராகு காலம் முடிஞ்சு. பத்தரைக்கு."

ஐம்பத்தைந்து நிமிடம். மாதவி எழுதிக்கொண்டாள். அடுத்து யுகேந்திரன். முப்பத்தெட்டு வயது. கேரி தீவுப் பாதையில் இருக்கும் பெல்லட் ஆலையொன்றில் லோரி ஓட்டுகிறவன்.

"எதுக்கு அண்ணியைப் பிடிச்சு இழுத்தீங்க?"

"பயம் மேடம். அப்பா உள்ள இருக்காருன்னு..."

"அப்புறம்?"

"பின்கதவைத் தொறந்து தூக்கினோம்."

"அறையைத் திறக்கறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது மேடம். சும்மாதான் வந்தேன்."

நவம்பர் 9. மாலை 4.15.

மருத்துவமனை அறிக்கை வந்தது. கமலநாதனின் இரத்தத்தில் பாதிக்கு மேல் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. நிறமும் மணமும் இல்லாத வாயு அது. மூச்சில் ஏறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு சோர்வு, உட்காரத் தோன்றும், எழுந்திருக்கத் தோன்றாது. இரத்தம் செக்கச் சிவப்பாக மாறும். செத்தவர் முகத்தில் களை வந்தது அதனால்தான்.

விறகோ கரியோ சரியாக எரியாதபோது வரும் வாயு. அறையில் இருந்ததோ ஓர் அடுப்பு. அதை இயக்கத் தெரிந்தவள் வீட்டில் ஒருத்தி. அறையைத் திறப்பதற்கு முதல் நாள் மாலை கணவனோடு அவள் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கிறது.

மேலதிகாரி தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னார். "பதினொண்ணாம் தேதி காலையில அந்தம்மாவைக் கொண்டு வந்துருங்க."

மாதவி நேராகப் பின்னறை அடுப்பிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அந்த அடுப்பு வேலை செய்யும் விதம் அழகானது. பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, சுண்டுவிரலை விட மெல்லிய குச்சி. மேலே உள்ள தொட்டியில் அதைக் கொட்டினால், அடியில் ஒரு திருகு சுழன்று நாலு நாலு குச்சியாக எரிகிண்ணத்தில் தள்ளும். மின்சாரக் கம்பி பற்றவைக்கும். விசிறி காற்றை ஊதும். புகை குழாய் வழியே சுவருக்கு வெளியே போகும். சூடு மட்டும் அறைக்குள் வரும். கிண்ணம், திருகு, விசிறி மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் நெருப்பு.

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து கைவிளக்கை அடித்தாள்.

எரிகிண்ணத்தின் குறுக்கே சிலந்தி வலை. அறுபடாத, தூசி படிந்த, பழைய வலை. நடுவே உலர்ந்துபோன ஒரு சிலந்தி.

"தாவூத், இந்த அடுப்பு எரிஞ்சே மாசக்கணக்காச்சு."

"அப்ப அந்த வாயு எங்கிருந்து மேடம் வந்துச்சு?" தாவூத் தோளைக் குலுக்கிக்கொண்டார். "நெருப்பும் இல்ல, கார் புகையும் இல்ல. எனக்கே உள்ள நிக்க ஒரு மாதிரி இருக்கு லா."

மாதவிக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பெருக்கிய தடம் அப்படியே பாதியில் நின்றிருந்தது.

நவம்பர் 10. காலை 9.30.

புனிதா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மாதவி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைத்தான் சந்தேகப்படறீங்கன்னு தெரியும் மேடம். படுங்க. கொன்னது நாந்தான்."

தாவூத் நிமிர்ந்தார். மாதவி கையைக் காட்டி அவரை அமர்த்தினாள்.

"எப்படிக் கொன்னீங்க?"

"மழைக்காலம் வந்துருச்சு. இலையெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போவுது. அடுப்பு உள்ள மாட்டிக்கிச்சு. தொறங்கன்னேன். அவரு, 'இன்னும் பன்னெண்டு நாள்தானே, பொறு புனிதா'ன்னாரு. 'செத்துப்போன மனுசனுக்குப் பயப்படற ஆம்பிளை'ன்னு சொன்னேன். அந்த வார்த்தைக்காகத்தான் போனாரு." அவள் கதவைப் பார்த்தாள். "மாமா உள்ளதான் இருந்தாரு மேடம். நான் கேட்டிருக்கேன்."

"என்ன கேட்டீங்க?"

"மழை. வெளிய சுள்ளுன்னு வெயில் அடிக்கும். அந்த ரூமுக்குள்ள மட்டும் மழை பெய்யும். சரசரன்னு கொட்டும், நிக்கும், தொம்முனு ஒரு சத்தம், மறுபடியும் கொட்டும். போன மாசம் மூணு நாலு தரம். வாசமும் வந்துச்சு, கதவிடுக்குல. எண்ணெய் காறிப்போன மாதிரி. அவருகிட்ட சொன்னேன். அன்னையிலேருந்து கதவுக்கு வெளிய ஒரு சொம்புல தண்ணி வைக்க ஆரம்பிச்சாரு."

மாதவி அந்தச் சத்தங்களை வரிசையாக எழுதிக்கொண்டாள். பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"அக்கா, பெல்லட் எப்படிப் பார்த்து வாங்குவீங்க?"

புனிதா புரியாமல் பார்த்தாள். ஆனால் அது அவளுக்குத் தெரிந்த விஷயம். கை தானாக எழுந்தது.

"மொதல்ல மூட்டை அடியைத் தடவிப் பார்ப்பேன். தூள் நெறைய இருந்தா அடுக்கும்போதே உடைஞ்ச சரக்கு, திருகுல சிக்கும். குச்சி வழவழன்னு மினுங்கணும். ஒடிச்சா டக்குன்னு சத்தம் வரணும். அப்புறம் ஒரு கிளாஸ் தண்ணியில போடுவேன். நல்லதுன்னா கல்லு மாதிரி அடிக்குப் போயி, கொஞ்ச நேரத்துல வெறும் மரத்தூளா கரைஞ்சிடும். பசை கலந்ததுன்னா கரையாது. செம்பனைப் பழக் குலையில செஞ்சது வேணாம், சாம்பல் உருகி கண்ணாடி மாதிரி கிண்ணத்துல ஒட்டிக்கும். நான் எப்பவும் ரப்பர் மரம்தான்."

"பைன் மரம்?" காறிய எண்ணெய் வாசம் என்றதுமே மாதவிக்கு நினைவில் வந்த மரம் அது.

"ஐயோ, அது பக்கத்துல இருந்தாலே இலையில பிசின் வாசம் ஏறிடும். வீட்டுக்குள்ளயே விடமாட்டேன். அடைக்கும்போது உள்ள இருந்ததும் ரப்பர் மரம்தான். எட்டு மூட்டை. நாலு நாலா அடுப்புக்குப் பக்கத்துல வச்சேன்."

"அதுக்கப்புறம் அந்த அறைக்குள்ள போனீங்களா?"

"எங்க போக? வாசப்படியிலயே கொழுந்தனாரு பிடிச்சு இழுத்துட்டாரே." அவள் தன் தோளைத் தடவிக்கொண்டாள். "தீட்டு மாதிரி இழுத்து எறிஞ்சாரு மேடம். புருசன் முகத்தைத் தொடக்கூட விடல."

காலை 10.20.

மாதவி நீலப் படுதாவை முழுதாக இழுத்துக் கீழே போட்டாள். எண்ணினாள். பெயர் அச்சிடாத வெள்ளை மூட்டைகள், நூற்றுப் பதினாறு. அடுப்பை ஒட்டி, நாலு நாலாக, ஆலைப் பெயர் போட்ட பழுப்பு மூட்டைகள் எட்டு.

வெள்ளை மூட்டை ஒன்றைச் சாய்த்தாள்.

சரசரவென்று மழை கொட்டியது. தாவூத் ஓரடி பின்னால் நகர்ந்தார். மூட்டை நிமிர்ந்ததும் மழை நின்றது. கீழே வைத்ததும் தொம்மென்றது.

"ஆயிரக்கணக்கான குச்சி ஒண்ணுமேல ஒண்ணு சரியுது. அந்தச் சத்தம்தான்," என்றாள் மாதவி. ஒரு குச்சியை ஒடித்து முகர்ந்தாள். பிசின் மணம், அதற்கடியில் காறிய எண்ணெய். "பைன். புதுசு. இந்த வீட்டுக்காரம்மா கையால தொடாத சரக்கு."

அவள் தீயணைப்பு நிலையத்திலிருந்து வாயு அளக்கும் கருவிகள் இரண்டை வாங்கி வந்தாள். சன்னல் நாடாவைத் தொடவில்லை. வெள்ளை மூட்டைகளோடு ஒரு கருவியை வைத்துப் பின்னறையின் இரு கதவுகளையும் சாத்தினாள். எட்டுப் பழுப்பு மூட்டைகளைக் குளியலறைக்கு மாற்றி, அங்கே இன்னொன்றை வைத்து அதையும் இறுக மூடினாள். இரண்டு அறையிலும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கப்படவில்லை.

நவம்பர் 11. காலை 8.00.

குளியலறைக் கருவி காட்டிய எண், காற்றின் பத்து லட்சம் பங்குக்கு ஒன்று.

பின்னறைக் கருவியின் கூவல் கதவுக்கு வெளியிலேயே கேட்டது. இருநூற்றுப் பத்து. ஒரே ஒரு நாளில்.

காலை 9.30.

கூடத்தில் இராஜம்மா, யுகேந்திரன், புனிதா. தாவூத் வாசலில் நின்றார். வெளியே காவல் வண்டி காத்திருந்தது. இராஜம்மா அதைப் பார்த்துவிட்டுப் புனிதாவைப் பார்த்தார்.

மாதவி கை நிறையப் பைன் பெல்லட்டை மேசையில் கொட்டினாள்.

"இந்த அறையில நெருப்பு எரியல. அடுப்புக்குள்ள சிலந்தி வலை இருக்கு. பேயும் வரல. வாயு வந்தது இதுலேருந்து. பைன் மரத்துல எண்ணெய் மாதிரி ஒரு கொழுப்பு இருக்கு. தூளாக்கி அழுத்தினதும் அது காத்தோட சேர்ந்து மெதுவா காறிப்போகும். காறும்போது கார்பன் மோனாக்சைடை விடும், அறையில இருக்கற ஆக்சிஜனையும் தின்னும். புதுச் சரக்குன்னா அதிகம். தகரக் கூரைச் சூட்டுல இன்னும் அதிகம். பழசானா அடங்கிடும். திறந்த இடத்துல இது ஒண்ணும் செய்யாது. ஆனா இந்த அறையோட சன்னலை ஈரம் புகாம ஒருத்தர் ஒட்டியிருக்கார். ஆறு மாசத் தூசி படிஞ்ச அறையில அந்த நாடா மட்டும் பளபளன்னு இருக்கு. அறைக்குள்ள வாரக்கணக்கா அந்த வாயு சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு."

"யாரும்மா கொண்டாந்து வச்சது?" என்றார் இராஜம்மா. "அடைச்ச ரூமுக்குள்ள யாரு போவா?"

"யாரும் போகமாட்டாங்கன்னு தெரிஞ்சவர்தான். ஆறு மாசத்துக்கு இதைவிடப் பத்திரமான ஒளிவிடம் கிள்ளான்ல கிடையாது." மாதவி திரும்பினாள். "யுகேந்திரன், உங்க ஆலைக்குப் போனேன். பழைய பைன் பலகையை அரைச்சுச் செஞ்ச சரக்கு ஒண்ணை, வீட்டு அடுப்புக்கு ஆகாதுன்னு போன மாசம் ஒதுக்கியிருக்காங்க. கொண்டுபோய்க் கொட்டிட்டு வரச் சொன்னது உங்ககிட்ட. நீங்க அதை வித்துக்கலாம்னு ஒளிச்சு வச்சீங்க."

"நான் கொட்டிட்டேன் மேடம்."

"சனிக்கிழமை பின்கதவை எந்தச் சாவியால திறந்தீங்க?"

அவன் கண்கள் தானாக நடைச் சுவருக்குப் போயின.

மாதவியும் அதைத்தான் காட்டினாள். "அந்தச் சாவி ஆணியை விட்டு நகரல. மே மாசம் செருகின பூ இன்னும் அதுல ஒட்டியிருக்கு. எடுத்திருந்தா உதிர்ந்திருக்கும். கதவும் உடைக்கப்படல. அப்ப இன்னொரு சாவி இருக்கு. பெரியவர் செத்த அன்னைக்கு அவர் துணிமணியை எடுத்துட்டுப் போனது யாரும்மா?"

"சின்னவந்தான்," என்றார் இராஜம்மா மெதுவாக. "ஆத்துல விட எடுத்துட்டுப் போனான். அண்ணன் சாவிய எப்பவும் பெல்ட்டு பையிலதான்..." அவர் யுகேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் பார்த்தும் கவனிக்காதது ஒண்ணு இருக்கு. கணவர் விழுந்து கிடக்கார், மனைவி ஓடறாங்க. அது மனுஷ இயல்பு. நீங்க அவங்களைப் பிடிச்சு இழுத்தீங்க. பேய்க்குப் பயந்தவன்னா அங்கேயே நின்னிருப்பீங்க, இல்ல வெளிய ஓடியிருப்பீங்க. நீங்க சுத்திப் போய்ப் பின்கதவைத் திறந்து, காத்து ஓட விட்டு, அப்புறம் உள்ள போனீங்க. உங்க ஆலைக் கிடங்கு வாசல்ல ஒரு பலகை இருக்கு. 'திறந்து, காற்றோட விட்டு, பிறகு நுழையவும்.' அந்த நிமிஷம் அறையில விஷம் இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

"அண்ணியைக் காப்பாத்தத்தான் மேடம் இழுத்தேன்!" யுகேந்திரன் எழுந்துவிட்டான்.

"தெரியும். காப்பாத்தினீங்க." மாதவி கமலநாதனின் கைப்பேசியை மேசையில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அண்ணன் அனுப்பின செய்தி. 'நாளைக்கு அறையத் தொறக்கிறோம், வந்துரு தம்பி.' நீங்க அதைப் படிச்சது சனிக்கிழமை காலை எட்டு மணி ரெண்டு நிமிஷத்துக்கு. இதுல பதிவாகியிருக்கு. அவர் உள்ள போனது பத்தரைக்கு. ரெண்டரை மணி நேரம். ஒரு போன் போட்டிருக்கலாம்."

"போட்டா சரக்கு விஷயம் தெரிஞ்சிரும்னு..." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "நேர்ல வந்து, எதையாச்சும் சொல்லி நிறுத்திடலாம்னு நெனச்சேன். ஆலையில லோரியை விட மாட்டேன்னாங்க. மத்தியானம் நல்ல நேரம் பார்த்துத்தான் தொறப்பாங்கன்னு நெனச்சேன். அண்ணன் எப்பவுமே லேட்டா லா..."

இராஜம்மா எழுந்தார். அவன் பக்கம் போகவில்லை. புனிதாவின் பக்கமும் போகவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாவூத் யுகேந்திரனை அழைத்துப் போனார். காவல் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கூடத்தில் மாதவியும் புனிதாவும் மட்டும் இருந்தார்கள்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல அக்கா. நான் எழுதிக் கொடுத்துடுவேன்."

புனிதா தலையசைத்தாள். மேசையில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்துப் பழக்கத்தில் ஒடித்துப் பார்த்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அவன் இதையெல்லாம் எப்ப எடுத்துட்டுப் போறதா இருந்தான்?"

மாதவி அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தாள். நேற்றிரவு முழுவதும் அதற்கு ஒரு பொய்யைத் தேடியும் கிடைக்கவில்லை.

"இருபதாம் தேதிக்குள்ள," என்றாள். "பதினெட்டாம் தேதிக்கு வாங்கறவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கான். வேற லோரியும் பேசியாச்சு."

"அப்ப பன்னெண்டு நாள் பொறுத்திருந்தா..."

"அறை காலியா இருந்திருக்கும்."

"அவரு இருந்திருப்பாரு."

"இருந்திருப்பாரு அக்கா. ஆனா அந்த அறையை விஷமாக்கினது நீங்க இல்ல. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நீங்க இல்ல."

"அது எனக்குப் புரியுது மேடம். நீங்க சொன்னது எல்லாமே புரியுது." புனிதா ஒடித்த குச்சியை மேசையில் வைத்தாள். "இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் எழுதிடாதீங்க. அத்தை படிக்க வேணாம்."

"எழுதமாட்டேன்."

புனிதா சமையலறைக் கதவைப் பார்த்தபடி இருந்தாள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், அதற்கடியில் இராஜம்மா அழும் சத்தம். புனிதா எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"அத்தை, தொறங்க. மூணு நாளா நீங்களும் சாப்பிடல."